எல்லாக் கதவும் பச்சை

ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம். நீயும் அண்ணியும் பையன்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீ கடைசியாக எப்போது எழுதினாய் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கோடு போடுகிறவனுக்கு, தங்கைக்கு நாலு வரி போடக் கை வரவில்லையாக்கும்.

முதலாளி மில்காரர்களுக்காகக் கட்டிய இந்தக் கிராமத்தில், நீ பிளான் போட்ட வீட்டுக்கு நாங்கள் குடிவந்து நாலு வருடம் முடிந்துவிட்டது. குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வீட்டுக்குள்ளேயே குழாய், எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல், அடுப்புப் புகை போகத் தனி வழி. மில் வேலைக்காரனுக்கு இப்படியும் ஒரு வீடா என்று வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். போன வாரம் வந்த ஒரு பெரிய மனிதர் குட்டியின் கழுத்தைத் திருப்பி, காதுக்குப் பின்னால் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் நாக்கை நீட்டாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

வாராவாரம் வீடு பார்க்க வரும் மேற்பார்வை அம்மாவுக்கு இங்கே விரலம்மா என்று பெயர். அலமாரி மேல் ஆள்காட்டி விரலை ஓட்டி, தூசி ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள். போன வருடம் சுத்தமான வீட்டுக்கான பரிசு எனக்குத்தான். அதை நீ அண்ணியிடம் ஞாபகமாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை உன் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தவர், நேராகப் பக்கத்து பாய்லர்காரர் வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றி வைத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "என்ன, இன்னைக்கு வீடே அமைதியா இருக்கு? வாய் வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். பாய்லர்காரர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "அண்ணே, வாய் ஓயாத ஆளு அடுத்த வீட்டுல இருக்காங்க" என்றாளாம். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். குடிவந்த புதிதில் இங்கே யார்தான் வீடு மாறிப் போகவில்லை? எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லாக் கதவும் ஒரே பச்சை. சாயப்பட்டறைக்காரர் ஒருவர் அடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார், அது தன் மனைவி இல்லை என்று.

ஆனால் அது முதல் வருடக் கதை. இப்போது நாலு வருடம் ஆகிவிட்டது. அன்றைக்குக் கதவைச் சாத்தியபின் அவர் என்னிடம் சொன்னார்: "எனக்கு எல்லாக் கதவும் தண்ணியில அலம்பி விட்ட மாதிரி தெரியுது. நம்பர் தெரியல. ஓரத்துல என்ன இருக்குன்னும் தெரியல."

அண்ணா, இதை நீ அண்ணியிடம்கூடச் சொல்லாதே. அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. துணியில் பழுது பார்க்கும் மேஜையில் நிற்கிற மனிதர். கீழே விளக்கு எரிய, மேலே துணி ஓட, ஓட்டை, இழை அறுந்தது எல்லாம் அவர்தான் பிடிக்க வேண்டும். எதிரே நிற்கிறவர் நல்லவர், இவர் விடுவதையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறார். எத்தனை நாளைக்கு? வேலை இருக்கிறவனுக்குத்தான் வீடு என்பது உனக்குத் தெரியாததா?

கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்தேன். விரலம்மா அவிழ்த்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வாசலில் ஒரு பூந்தொட்டி வைத்தேன். வரிசை கெடுகிறதாம். நீ பிளான் போட்டவன். எங்கள் கதவுக்கு மட்டும் வேறு நிறம் அடிக்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கதவு ஒன்றுதானே கேட்கிறேன், மாடியா கேட்கிறேன்?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கை

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசிகள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்குக் கோடு நேராக வரவில்லை. மாப்பிள்ளைக்கு இப்படி வரும் என்று யார் நினைத்தது? நம் வீட்டில் ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் அவரைத்தானே கூப்பிடுவாய்.

கதவு விஷயம் நீ நினைப்பதுபோல் சுலபம் இல்லை, கண்ணு. பச்சை என்பது நான் முடிவு செய்தது அல்ல. நான் ஒரே ஒரு வீடுதான் வரைந்தேன். அதை அவர்கள் முந்நூறு தடவை கட்டிவிட்டார்கள். முதலாளிக்கு இதில் ஒரு கொள்கை இருக்கிறது. "ஒருத்தன் கதவு ஒசத்தியா இருந்தா அடுத்தவனுக்கு ராத்திரி தூக்கம் வராது" என்பார். அவரைத் தப்பாக நினைக்காதே. மற்ற முதலாளிகள் வேலைக்காரர்களை எலிப் பொந்தில் அடைத்து வைத்திருக்கும்போது, இவர் ஜன்னல் அகலத்தைப் பற்றி என்னோடு ஒரு மணி நேரம் பேசுவார். அவரிடம் நேரம் பார்த்துத்தான் பேச வேண்டும். இப்போது கணக்கு முடிக்கும் காலம், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறார். கொஞ்சம் பொறு.

அதுவரை வீட்டுக்குள் சாமான் எதையும் இடம் மாற்றாதே. குட்டியை மில் வாசலுக்கு அனுப்பி அழைத்து வரச் சொல். பாய்லர்காரரோடு சேர்ந்து நடந்து வரட்டும். அண்ணி உன் பரிசைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். சந்தோஷம்போலத்தான் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சொன்ன யோசனை எல்லாம் நான் யோசிக்காததா? பாய்லர்காரருக்கு வேறு ஷிப்ட். குட்டி தினமும் அப்பாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தால் பார்க்கிறவன் கேட்க மாட்டானா? இரண்டு நாள் அனுப்பினேன். மூன்றாம் நாள் வாசல் காவலாளியே, "என்ன பாப்பா, அப்பா தொலைஞ்சு போயிடுவாரா?" என்று கேட்டுவிட்டார். அதோடு உன் மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், படபடக்காமல் படி. புதன்கிழமை அவர் நம் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்கே போய்விட்டார். அங்கே முனை வீட்டில் ஒரு பெண் தனியாகக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர் உள்ளே நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போயிருக்கிறார். அவள் போட்ட கூச்சலில் இவர் பயந்து திரும்ப, தொட்டிலில் இடித்துக் கீழே விழ, பத்துப் பேர் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவன், "குடிச்சிருக்கான்டா" என்றான். அவ்வளவுதான்.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது விரலம்மா வந்து நின்றிருந்தார்கள். "குடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்து திரும்பினாரா, சத்தம் வந்த பக்கம் திரும்பினாரா, தெரியவில்லை. "ஆமாம்மா. கொஞ்சம்" என்றார்.

அண்ணா, சோடா குடித்தாலே நெஞ்சை அடைக்கிறது என்கிற மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். எதற்காக இல்லாத பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் முட்டியில் பட்ட காயத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "குடிக்கு மூணு எச்சரிக்கை உண்டு. கண்ணுக்கு ஒண்ணாவது இருக்கா, சொல்லு."

முதல் எச்சரிக்கை எழுத்தில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மது ஒழிப்புக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. போனோம். அவரை முன்வரிசையில் எழுப்பி நிற்க வைத்தார்கள். இனிமேல் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நிஜமாகவே குடிக்கிற ஒருவர் வந்து, அதிலும் அன்றைக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு வந்து, இவரைக் கட்டிப்பிடித்து, "தம்பி, எனக்கும் விடணும்னு ஆசைதான்" என்று அழுதார். திரும்பி வரும்போது இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டியைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைதான் மிச்சம். கதவு விஷயமாகச் சீக்கிரம் பேசு. எந்த நிறமானாலும் சரி, பச்சை மட்டும் வேண்டாம்.

தங்கை

மார்ச் 25

அன்புத் தங்கைக்கு,

ஒரு நல்ல செய்தியோடு எழுதுகிறேன். இதைப் படித்ததும் குட்டிக்கு ஒரு முத்தம் கொடு, மாமா கொடுத்ததாகச் சொல்.

குடி விவகாரம் இங்கே வரைக்கும் வந்துவிட்டது. நேற்று முதலாளி என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். நான் புதிய கட்டட பிளானைச் சுருட்டிக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "உங்க தங்கை வீட்டுக்காரர் குடிக்கிறாராமே? நம்ம கிராமத்துல, அதுவும் உங்க குடும்பத்துல, நான் இதை எதிர்பார்க்கல" என்றார். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நீயே சொல், நான் என்ன செய்வேன்? மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். நம் அப்பா ஊரெல்லாம் விசாரித்து, ஒரு கெட்ட பழக்கம் இல்லாதவர் என்று பார்த்துக் கொடுத்த இடம். அவரைக் குடிகாரர் என்று நாலு பேர் நடுவில் சொல்லும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. அவருக்குக் கண் சரியில்லை, அதனாலதான் வீடு மாறிப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

நீ நம்பமாட்டாய். அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "இதை ஏன் முதல்லயே சொல்லல? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். பெரிய கண் டாக்டர் ஒருவரை, மந்திரிகள் எல்லாம் காத்துக் கிடக்கிற டாக்டரை, தம் சொந்தச் செலவில் உங்கள் வீட்டுக்கே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டார். எச்சரிக்கையையும் அங்கேயே கிழித்துப் போடச் சொன்னார். மாப்பிள்ளையின் பெயர் சுத்தமாகிவிட்டது.

எத்தனை நாள் வீணாகப் பயந்து செத்தோம், பார். நல்ல மனிதர்களிடம் உண்மையைச் சொன்னால் நல்லதுதான் நடக்கும். இனி நீ நிம்மதியாகத் தூங்கு.

மிகுந்த மகிழ்ச்சியோடு,
அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

என்ன காரியம் செய்துவிட்டாய்.

இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடத்தான் இருந்தேன். அவர்தான், "உன் அண்ணன் நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சாரு, முழுசா எழுது" என்கிறார்.

முதலாளியும் டாக்டரும் பெரிய காரில் வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது. நம் சாப்பாட்டு மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அவரை உட்கார வைத்து, டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து குட்டியிடம் பாடம் கேட்டார். அவள் வாய்ப்பாடு ஒப்பித்தாள். "இந்த வீட்டை எவ்வளவு அழகா வெச்சிருக்கே, அம்மா. இதுதான் நான் கண்ட கனவு" என்று என்னிடம் சொன்னார். பொய்க்குச் சொல்லவில்லை அண்ணா, மனதாரச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தொலைக்கலாம்.

டாக்டர் கண்ணாடியால் பயன் இல்லை என்றார். கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் சில மாதத்தில் முழுவதும் போய்விடும், மருந்து கிடையாது என்றார். முதலாளி உன் மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேஜையில் ஒரு கூடைப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கண் தெரியாதவரை மேஜையில் நிறுத்த முடியாது, வேலை இல்லாதவருக்கு வீடு இல்லை. மற்றவர்களுக்கு ஒரு மாதம்தான் தருவது, உங்களுக்கு முதலாளியின் விசேஷ உத்தரவுப்படி இரண்டு மாதம் என்றார். நன்றி சொல்வோம் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். உன் மாப்பிள்ளை நன்றி சொன்னார்.

நீ கேட்காமல் செய்ததைச் செய்துவிட்டாய். இப்போது நான் கேட்கிறதைச் செய். கல்யாணத்துக்கு முன்னால் நான் நூற்பு இயந்திரத்தில் நின்றவள். அறுந்த இழையை நான் முடிகிற வேகத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று மேஸ்திரியே சொல்வார், உனக்கும் தெரியும். என்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளட்டும். வீடு வேலை செய்கிறவருக்குத்தானே? நான் செய்கிறேன். அவர் வீட்டில் இருக்கட்டும், குட்டி பள்ளிக்கூடம் போகட்டும். நீ பேசினால் முதலாளி கேட்பார் என்றுதான் தெரிந்துவிட்டதே. பேசு, அண்ணா.

தங்கை

ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

பேசினேன். இரண்டு தடவை பேசினேன்.

முதல் தடவை சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். இரண்டாம் தடவை என்னை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். கல்யாணமான பெண்களை மில்லுக்கு எடுப்பதில்லை என்பதுதான் இந்தக் கிராமத்தின் அஸ்திவாரமாம். தாய் வீட்டில் இருந்தால்தான் அடுப்பு எரியும், பிள்ளை படிக்கும், புருஷன் கள்ளுக்கடைக்குப் போகமாட்டான். "பெத்தவளை இயந்திரத்துக்கு முன்னாடி நிறுத்தறதுக்கா நான் இவ்வளவும் கட்டினேன்? உங்க தங்கச்சிக்கு அந்தக் கஷ்டத்தை நான் கொடுக்கமாட்டேன்" என்றார். உன்மேல் அவருக்கு எவ்வளவு மரியாதை, பார். சரி ஐயா என்று வந்துவிட்டேன்.

நீங்கள் மூவரும் இங்கே வந்துவிடலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். அவளும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீடும் அலுவலக வீடுதான். மனைவி, சொந்தப் பிள்ளைகள் தவிர வேறு யாரும் ஒரு வாரத்துக்கு மேல் தங்கக்கூடாது. குட்டியை மட்டுமாவது என் பிள்ளையாக எழுதிக்கொள்ளலாமா என்று விசாரித்தேன். முடியாதாம்.

எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அந்த அறையில் நான் பேசாமல் நின்றிருந்தால் மாப்பிள்ளை குடிகாரராகவே அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். வீடு மாறுகிற அன்று கட்டாயம் வந்து நிற்பேன். சாமான் தூக்கவாவது என்னைக் கூப்பிடு.

அண்ணன்

ஜூன் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாமான் தூக்கப் பாய்லர்காரர் வந்தார். எதிர் மேஜைக்காரர் வந்தார். மது ஒழிப்புக் கூட்டத்தில் கட்டிப்பிடித்து அழுதாரே, அவரும் வந்து கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். முதலாளி கட்டப்போகிற இரண்டாவது கிராமத்துக்கு பிளான் அவசரமாகக் கேட்கிறார்கள் என்று நீ அனுப்பிய தந்தி மறுநாள் வந்து சேர்ந்தது. பரவாயில்லை, தந்தியால் கட்டில் தூக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

விரலம்மா வந்து காலி வீட்டைப் பார்வையிட்டார்கள். அலமாரி மேல் விரலை ஓட்டினார்கள். தூசி இல்லை. அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், அவர்களும் சம்பளத்துக்குத்தானே வருகிறார்கள்.

நாங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறோம். மில் சங்கு ஊதினால் இங்கே கேட்கும். ஒரு அறைதான், ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. குழாய் தெருக்கோடியில். எனக்குப் பழந்துணி பிரிக்கும் கொட்டகையில் வேலை கிடைத்திருக்கிறது. பித்தான், கொக்கி எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு நிறம் நிறமாகப் பிரித்துப் போட வேண்டும். நாள் முழுக்கத் தூசி. விரலம்மா இங்கே ஒரு விரலை வைத்தால் கை முழுக்க மறைந்துவிடும்.

அவருக்கு இப்போது வெளிச்சம், இருட்டு வித்தியாசம் மட்டும் தெரிகிறது. குட்டி பள்ளிக்கூடம் போவதில்லை. அந்தப் பள்ளிக்கூடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இங்கே உள்ள பள்ளிக்கு அனுப்பலாம், ஆனால் நான் வேலைக்குப் போனால் அவரோடு யார் இருப்பது? அவள் சோறாக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். வாய்ப்பாட்டை அடுப்பு முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதற்கும் தெம்பு இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

ஆகஸ்ட் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என்ன எழுதினாலும் அது எனக்கே உறைக்கிறது. அதனால் ஒரு செய்தி கிடைக்கும் வரை காத்திருந்தேன்.

இரண்டாவது கிராமத்தின் பிளான் முடிந்துவிட்டது. கதவுகளுக்கு நாலு நிறம் வைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒரே நிறம் வராது. முதலாளி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல யோசனை, எனக்கு ஏன் இது தோணல?" என்றார். பழைய கிராமத்திலும் இந்த மாதமே மாற்றி அடிக்க உத்தரவு போட்டுவிட்டார். உன் பேச்சு வீண் போகவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதலாளி மாப்பிள்ளையை விசாரித்தார், சௌக்கியம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

குட்டிக்கு இரண்டு பாடப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். பையன்களுடையதுதான், அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கும். எனக்கு எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தகம் வந்தது. குட்டி ஒன்றை முடித்துவிட்டாள். நீ எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை நான் கொட்டகையிலிருந்து வந்தபோது குட்டி தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அப்பாவைக் காணவில்லை. நான் முதலில் எங்கே ஓடினேன் தெரியுமா? ரயில் பாதைக்கு. ஒரு பெண்பிள்ளைக்கு அந்த நினைப்பு வரக்கூடாது, எனக்கு வந்தது. பாதையில் யாரும் இல்லை. தண்டவாளத்தைத் தாண்டியபோது பாய்லர்காரர் எதிரே ஓடி வந்தார். "உங்க வீட்டுக்காரரு பழைய வீட்டுல இருக்காரு, வாங்க" என்றார்.

நடந்தது இதுதான். அவர் வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். சங்கு ஊதியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து இந்தப் பக்கம் போகிற கூட்டத்தின் காலடிச் சத்தம் கேட்க ஆசைப்பட்டு எழுந்து கொஞ்சம் நடந்திருக்கிறார். நடந்தது நடந்ததுதான், கால் நிற்கவில்லை. பாதையைத் தாண்டி, மில் மதிலைக் கையால் தடவிக்கொண்டே போய், கிராமத்துக்குள் நுழைந்து, நம் தெருவில் திரும்பி, நம் வீட்டு வாசலில் ஏறி, கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். யாரையும் வழி கேட்கவில்லை. தடுக்கி விழவில்லை. கண் பாதி தெரிந்தபோது அதை நம்பி நம்பி வீடு மாறிப் போனவர், ஒன்றும் தெரியாமல் போனபின் காலையும் கையையும் நம்பிச் சரியாகப் போயிருக்கிறார்.

இப்போது அங்கே இருப்பது அவருடைய மேஜைக்குப் புதிதாக வந்தவரின் குடும்பம். அந்தப் பெண் நல்லவள். கூச்சல் போடவில்லை. "ஐயா, நீங்க வீடு மாறி வந்துட்டீங்க" என்று சொல்லியிருக்கிறாள். இவர், "இது எத்தனையாம் நம்பர் வீடு?" என்று கேட்டிருக்கிறார். அவள் நம்பரைச் சொன்னாளாம். அதன்பின் இவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

கதவுக்கு நீலம் அடித்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

நான் உள்ளே போனேன். செருப்பைக் கழற்றி அவர் எப்போதும் விடுகிற மூலையில் ஜோடியாக விட்டிருந்தார். என் காலடி கேட்டதும் தலையைத் தூக்கினார். "இன்னைக்குச் சரியா வந்துட்டேன் பாத்தியா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி அழைத்து வந்தேன். தெருவில் எல்லோரும் வாசலில் நின்றார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. வழியெல்லாம் நான் அழுதேன். அவர், "உன் அண்ணனுக்கு எழுது. ஒரே மாதிரி கட்டினாலும் கடைசியில நான் கண்டுபிடிச்சுட்டேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மறுநாளும் போயிருக்கிறார். அதற்கு மறுநாளும். நம் வீடு இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. சங்கு ஊதினால் கால் தானாக எழுந்துவிடுகிறது, நான் என்ன செய்ய என்று கேட்கிறார். அந்தப் பெண்ணின் புருஷன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வெளியாள் வந்து போவது விரலம்மா காதுக்கு எட்டினால் அவர்களுக்கும் எச்சரிக்கை வரும். நம்மால் இன்னொரு குடும்பம் கெட வேண்டாம்.

அண்ணா, நீ கெட்டவன் இல்லை. முதலாளியும் கெட்டவர் இல்லை. இதற்கு நீ என்ன பதில் எழுதுவாய் என்று நேற்று முழுக்க உன் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை. உனக்கும் தோன்றாது. அதனால் எழுதாதே. நல்ல சேதி ஏதாவது தேடிப் பிடித்து அனுப்பவும் வேண்டாம். நீ நன்றாக இரு, அண்ணியும் பையன்களும் நன்றாக இருக்கட்டும்.

சங்கு ஊதுகிற நேரம் ஆகிவிட்டது. இன்றைக்கு ஞாயிறு, எனக்குக் கொட்டகை இல்லை; இல்லையென்றால் நான் இதைப் பார்த்திருக்க மாட்டேன். மில்லில் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஷிப்ட் ஓட்டுகிறார்கள் இப்போது. குட்டி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். "அப்பாதாம்மா சொன்னாங்க. சங்கு ஊதும்போது நீ கதவுல சாஞ்சுக்கோ, நான் எழுந்து வந்து எவ்வளவு கேட்டாலும் திறக்காதேன்னு" என்கிறாள்.

தங்கை